பிஸ்மத் கலந்த கண்ணாடி

செல்ல மகளுக்கு,

உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதிப் போனுக்கு அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு இருமல் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஆய்வுக்கூடத்து உலையில் செலினியம் உருக்கிய குழாய் வெடித்து, புகை அவள் நெஞ்சுக்குள் போய்விட்டது. இப்போது மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது. டாக்டரைக் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்கிறார். நான் அவள் காலைப் பிடித்துவிடுகிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

செலினியத்தை உருக்கிச் செய்யும் அந்தக் கண்ணாடியில் வேறு பொருளைக் கொஞ்சம் கலந்து, அதை நன்றாக மின்சாரம் கடத்தவைக்க அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும். "எதைப் போட்டாலும் முழுங்கிட்டு சும்மா கிடக்குது, உங்கப்பா மாதிரி" என்பாளே. கடைசியாக பிஸ்மத் என்ற உலோகத்தைக் கலந்திருந்தாள். வெடிப்பதற்கு முன்பு வார்த்த ஒரு துண்டு தப்பியிருந்தது.

இன்று அவளோடு வேலை பார்க்கும் பெண் வந்து, கட்டிலருகே குனிந்து சொன்னாள்: "அக்கா, அந்தத் துண்டை அளந்து பார்த்தோம். முன்னைவிட ஆயிரம் மடங்கு கரண்ட் போகுதுக்கா."

அம்மா கண் திறந்தாள். என் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினாள். ஆயிரமா என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, "ஆமா, ஆயிரந்தான்" என்றேன். இல்லை என்று கண்ணை மூடித் திறந்து, மறுபடி எழுதினாள். ஒரே எழுத்துதான். 'வா'.

நான் அவள் பக்கத்திலேயேதானே இருக்கிறேன்.

பரீட்சை முடிந்து வந்தால் போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இதைப் படித்ததும் கிளம்பிவிடம்மா.

அப்பா