வருஷம் திரும்புமுன் வந்த எஞ்சின்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். செத்துப்போனவரிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். படாமல் என்ன செய்வது? கிணற்றில் தண்ணீர் கிடந்தது, தோட்டத்தில் மதினியின் மிளகாய்ச் செடி கருகியது. நடுவில் உங்கள் ஆயில் எஞ்சின் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதன் தலையை ஊதுவிளக்கால் சூடேற்றி, சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளுவீர்கள், உடனே ஓடும். எங்களில் ஒருத்தரையாவது கிட்டே விட்டீர்களா? "ஏலே, தொடாத, கைய ஒடிச்சிரும்" என்று விரட்டினீர்கள். நீங்கள் போன பிறகு யார் தள்ளியும் அது ஓடவில்லை. அருப்புக்கோட்டை மேஸ்திரி பிரித்துப் பார்த்து, "உள்ள பூராம் தேஞ்சு போச்சு. இம்புட்டு நாளு அவுக எப்படி ஓட்டுனாகன்னே தெரியல" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாட்டைக் கட்டி இறைக்கலாம் என்றால், எஞ்சின் வந்த சந்தோஷத்தில் கமலை மரத்தைப் பிடுங்கி அடுப்பெரித்தது யார் அண்ணே?

உலகச் சண்டை முடிந்தால்தான் சீமையிலிருந்து புது எஞ்சின் வரும் என்று மதுரைக் கடையில் கையை விரித்தார்கள். தொண்டிப் பக்கம் ஒரு பழைய படகைப் பிரிக்கிறார்கள், அதில் இருந்த எஞ்சின் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். உடனே வண்டி கட்ட வேண்டியதுதானே? நம் வீட்டில் அது நடக்குமா! கிணறு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. நடுவீட்டுச் சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சாவு விழுந்த வீட்டுல வருஷம் திரும்புறதுக்குள்ள புதுசா ஒண்ணும் வைக்கக் கூடாதுய்யா. தலைத்திவசம் முடியட்டும்."

"அது வரைக்கும் செடி நிக்குமா சித்தப்பா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. அதற்குள் கதவுக்குப் பின்னால் நின்ற மதினி பேசிவிட்டார்கள். "படகுல ஓடித் தேஞ்சத எப்படி மாமா புதுசுங்கிறீக? பழசத் தூக்கிட்டுப் பழசத்தான வைக்கப் போறோம்?" சித்தப்பா உதறிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எஞ்சின் வந்து இறங்கியது. சித்தப்பா அதன் மேல் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புய்யா! கெணத்துத் தண்ணியவே கரிக்க வச்சிரும்." அவர் மனசு ஆறும்வரை குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அந்த இரும்பைக் கழுவினோம். செடிக்கு இல்லாத தண்ணீர் எஞ்சினுக்குப் போனது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒருவழியாக ஓடியது; இதற்கு ஊதுவிளக்கு வேண்டாம், கைப்பிடியைச் சுற்றினால் போதும். மதினியின் தண்ணீர் முறை வந்த அன்று நான் திருச்சுழிக்குப் போயிருந்தேன். அதைச் சுற்றிவிட ஆள் கேட்டு மதினி ஒவ்வொரு பங்காளி வாசலிலும் நின்றிருக்கிறார்கள். "இந்தா வாரேன்" என்றவர்களில் ஒருத்தரும் வரவில்லை. பொழுது சாய்ந்து, முறை அடுத்தவருக்குப் போய்விட்டது. நான் வந்தபோது மதினி காய்ந்த பாத்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு அதச் சுத்தக் காட்டிக் குடுங்க தம்பி. செடி போனாக்கூடப் போகுது. அந்த வாசல்கள்ல நின்னேன் பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாளே காட்டிக்கொடுத்தேன். இடது கையால் எஞ்சின் தலையில் இருக்கும் லீவரைத் தூக்கிக்கொண்டு, வலது கையால் சுற்றி, வேகம் ஏறியதும் லீவரை விட வேண்டும், அவ்வளவுதான். முதலில் கைப்பிடி வழுக்கியது. "பொம்பள தொட்டா எஞ்சின் வெளங்குமா?" என்று சித்தப்பா வரப்பில் நின்று முனகினார். மதினி திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பாதிச் செடி தப்பும் போலிருக்கிறது.

கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை, அண்ணே. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நீங்கள் ஏன் காட்டவில்லை? செத்துப்போவோம் என்று ஒரு நாளாவது நினைத்திருக்க மாட்டீர்களா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் பெண்டாட்டி தண்ணீருக்காக இனி எவன் வாசலிலும் நிற்க மாட்டார்கள். நான் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் கூடப்பிறந்த தம்பி