கத்தரிப்பூச் சேலை

நேற்றுதான் ஆடி அமாவாசை போயிற்று. கொடியில் கிடந்த சுடிதாரை இப்போதுதான் எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்புப் போட்டு அலசியும் அந்த வாடை போகவில்லை. பாசியும் எள்ளும் நல்லெண்ணெயும் ஊறிப்போன துணியுமாகக் கலந்த வாடை. வேறு யாராவது முகர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நீ இருந்தால், "சுருளித் தண்ணி சென்ட்டுடி இது, கடையில கெடைக்காது" என்று சிரித்திருப்பாய். நீ இல்லை. அதனால்தான் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், நான் கல்லூரிப் பசுமை மன்றத்தில் சேர்ந்தது ஆற்றைக் காப்பாற்ற அல்ல. முகாமுக்குப் போனால் எலுமிச்சை சாதமும் ஒரு சான்றிதழும் உண்டு என்றார்கள், சேர்ந்தேன். நீதான் மன்றச் செயலாளர். கோம்பையிலிருந்து பஸ் மாறி வருவாய். தலைவாரக் கூட நேரமிருக்காது, ஆனால் யார் யார் வரவில்லை என்று வகுப்பு வகுப்பாய்த் தேடிவந்து இழுத்துப் போக மட்டும் நேரமிருக்கும். எனக்கு உன்னைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். அப்புறம் எப்படி உன்னோடு ஒட்டிக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி அமாவாசைக்குத்தான் முதல்முதலாக நாம் சுருளி அருவிக்குப் போனோம். இறந்து போனவர்களுக்குத் தர்ப்பணம் கொடுத்து, அருவியில் குளித்து, உடுத்தியிருந்த துணியையும் அவர்கள் துணி ஏதாவதிருந்தால் அதையும் ஆற்றோடு விட்டுவிட்டு மாற்றுத்துணியோடு வீட்டுக்குத் திரும்புவது நம் பக்கத்து வழக்கம். அந்தத் துணி ஆற்றோடு போனால் போனவர்களும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பிக்கை. அன்று சாயங்காலம் பார்த்தால் ஆறே தெரியவில்லை. பாறைக்குப் பாறை வேட்டியும் சேலையும்தான். கீழே வயல்மடைகளில் துணி அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறவில்லை என்று விவசாயிகள் வைதுகொண்டிருந்தார்கள்.

'ஆற்றில் துணி போடாதீர்' என்று பலகை எழுதி நட்டோம். மறு அமாவாசைக்குப் போனால் அந்தப் பலகையின் மேலேயே யாரோ ஈர வேட்டியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், நீ முறைத்தாய். அடுத்து கரையில் பெரிய டிரம் வைத்து, துணியை இதில் போடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டோம். ஒரு பெரியவர் ஈரத்தோடு நின்று, "டிரம்முல போட எங்கப்பன் என்ன குப்பையா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. அருவிக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் ஒரு மருத மரம், அதன் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கும். மேலே விடுகிற துணியெல்லாம் மிதந்து வந்து அங்கேதான் சிக்கும். குளிக்கிறவர்கள் கண்ணுக்கு அந்த வளைவு தெரியாது. "அவுக கண்ணுக்கு ஆத்தோட போகட்டும்டி. நம்ம கைக்கு வந்துரட்டும். யாரு மனசும் நோக வேணாம்" என்றாய். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். ஈரச்சேலை என்ன கனம் கனக்கிறது! மறுநாள் கையைத் தூக்கித் தலைசீவ முடியாது.

கரையில் போகிற பெண்கள் நின்று வைவார்கள். "ஏத்தா, செத்தவுகளுக்கு விட்ட துணியத் தொடுறீகளே, நாளைக்கு ஒரு வீட்டுக்கு வாழப்போற புள்ளைகதானா நீங்க?" நான் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயெடுப்பேன். நீ என் கையை அழுத்திவிட்டு, "ஆறு பாவம் பெரியம்மா, மூச்சு முட்டிக் கெடக்கு" என்பாய், சொந்தக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிற மாதிரி.

கல்லூரி முடிந்ததும் மன்றம் கலைந்தது. புதுப் பிள்ளைகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். கோம்பையிலிருந்து மகளிர் குழுப் பெண்களைக் கூட்டி வந்தாய். வீட்டில் திட்டு விழவும் அவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் நீயும் நானும்தான். அமாவாசைக்கு அமாவாசை என் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வருவேன், புலம்பிக்கொண்டேதான் வருவேன்.

பெரியகுளத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? உன் அம்மா தேனிக்குப் போய்க் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்து வந்தார்கள். அதில் நீ அவ்வளவு அழகாக இருந்தாய். வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், போன் பண்ணுகிறோம் என்றார்கள். பண்ணவில்லை. 'பிணத்துணி அள்ளுற புள்ளையாமே' என்று அவர்கள் சொன்னது சுற்றிச்சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "போகட்டும்டி, அந்தாளு மீசையே எனக்குப் பிடிக்கல" என்று சிரித்தாய். ஆனால் அடுத்த அமாவாசைக்குப் போகையில் பஸ்ஸில் உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு வந்த இடமெல்லாம் அதே பேச்சில்தான் தட்டிப்போனது. அந்தச் சேலையை நீ மறுபடி கட்டவே இல்லை.

ஒருமுறை மருத மரத்தடியில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது சொன்னாய்: "நான் செத்தா எந்துணி ஒண்ணுகூட இந்த ஆத்துல கெடக்கக் கூடாது. கெடந்துச்சு, உன்னையப் பிடிச்சு ஆட்டிருவேன் பாத்துக்க." "எனக்கு முன்னாடி நீ போயிருவியாக்கும், போடி" என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

காய்ச்சல் என்றுதான் படுத்தாய். தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். ஊசி குத்திக் குத்தி உன் கை கன்றிப் போயிருந்தது. "வர்றப்ப ஆரஞ்சு வாங்கிட்டு வாடி, வாய் கசக்குது" என்றாய். நான் ஆரஞ்சுப் பையோடு வார்டு வாசலுக்கு வந்தபோது அம்மா தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்தப் பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

அடுத்த ஆடிக்கு அம்மா அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "கன்னியாப் போனவ, எங்கிட்டு அலையிறாளோ. இத சுருளியில விட்டாத்தான் அவ அடங்குவா" என்றார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "எம்புள்ளையவே அந்த ஆத்துக்குத்தான குடுத்தேன், ஒரு சேலையவா அது வேணாங்கப் போகுது?" என்று கேட்டார்கள். அப்போதுதான் உன் தந்திரமே நினைவுக்கு வந்தது. அம்மா மேலே விடட்டும், நான் கீழே பிடித்துக்கொள்கிறேன். யார் மனசும் நோகாது, நீ சொன்னதும் நடந்துவிடும்.

உன் அண்ணன் தர்ப்பணம் முடிக்கிறபோதே நான் கீழே ஓடிவிட்டேன். மலையில் மழை, தண்ணீர் செம்மண் கலங்கி வேகமாக வந்தது. வேட்டி வந்தது, துண்டு வந்தது, யாருடைய குழந்தைக்கோ விட்ட சின்னச் சட்டை ஒன்று வந்தது. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். உன் சேலை வரவில்லை. கலங்கல் தண்ணீரில் கத்தரிப்பூ நிறம் தெரியாமல் போய்விடுமோ என்று இமைக்காமல் பார்த்தேன். வெளிச்சம் இருந்தவரை ஒவ்வொரு மடையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். எங்கும் இல்லை. ஊரில் உள்ளவர்கள் துணியெல்லாம் வருகிற இடத்துக்கு உன் சேலை மட்டும் வராதா? உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அதிலிருந்து ஓர் அமாவாசை விடவில்லை. ஒத்தைப் பொம்பளையாக ஆற்றைச் சுத்தம் பண்ணுகிறேனாம், என்னைப் பெருமையாகப் பேசுகிறார்கள். நான் எங்கேடி சுத்தம் பண்ணுகிறேன்? உன் சேலையைத் தேடுகிறேன். தேடுகிறபோது மற்றவர்கள் துணி கையில் வருகிறது. ஒவ்வொன்றையும் தூக்கியதும் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நேற்று அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தார்கள். இப்போதெல்லாம் வருகிறார்கள், பாறையில் உட்கார்ந்து நான் இழுக்கிறதைப் பேசாமல் பார்ப்பார்கள். நேற்று திடீரென்று, "வந்துச்சாத்தா?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதும்மா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும். அன்னைக்கு நீ கீழ ஓடுனப்பவே தெரியும். எம்மகளும் அதத்தான பண்ணிக்கிட்டுத் திரிஞ்சா?"

"இல்லம்மா. வரல."

அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். "அப்பச் சரி. போய்ச் சேந்துட்டா" என்றார்கள். நீ போன பிறகு அந்த முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை. தூக்குவாளியைத் திறந்து எனக்குப் போட்டு, தானும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்கு அந்தச் சேலை இன்னும் ஏதோ ஒரு பாறைக்கடியில் கிடக்கிறது, நீ சொன்ன ஒன்றே ஒன்று நான் செய்யாமல் கிடக்கிறது. அடுத்த அமாவாசைக்கும் போவேன். தொரட்டி கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஒருநாள் அந்தச் சேலை என் கையில் சிக்கினால் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்.