கப்பலின் இரண்டு கொடிகள்

12 நவம்பர் 2006, ஞாயிறு

என் மனுசன் ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குரூசர் போர்க்கப்பல் மாதிரி இன்று முடிந்தது. கொடி மட்டும்தான் மிச்சம். பெட்டியில் இரண்டு கொடிகள் இருந்தன. ஏன் என்று கேட்டேன்.

"இத்தாலியில கட்டினது. ரெண்டாம் உலகச் சண்டை முடிய, நட்டஈடெண்டு கிரேக்கத்துக்குக் குடுத்திட்டாங்கள். வேற பேரோட அங்கையும் கனகாலம் ஓடினது."

"அப்ப எந்தக் கொடியை ஒட்டப் போறியள்?"

"பொறு, யோசிப்பம்."

நோர்வே குடியுரிமைப் படிவத்துக்கும் மூன்று மாதமாக இதே பதில்தான். இலங்கைக் குடியுரிமையை விட வேண்டும் என்பதால் இழுத்தடிக்கிறார். நான் என் படிவத்தில் எப்போதோ கையெழுத்து வைத்துவிட்டேன்.

பழைய மாலுமிகள் அந்தக் கப்பலை எந்தப் பெயரால் நினைத்திருப்பார்கள்?

பின்னேரம் இவர் பஸ் ஓட்டப் போனதும் பார்த்தேன். கப்பல் கொடியில்லாமல் அலுமாரியில் நிற்கிறது. கொடிகள் இரண்டும் இவருடைய படிவத்துக்குள், கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன.