வழிமொழிய ஓர் ஆள்

டர்னர்ஸ் கோவ், கனெக்டிகட்
ஜூன் 25, 1998

திரு. ஹார்லன் சாம்ப்ளின் அவர்களுக்கு,

எதிர்வீட்டில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். இனி உங்களோடு நேரில் பேசுவதாக இல்லை.

பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளைகள் காத்து நிற்கும் பாதையில் புல் வளர்ந்து கிடப்பதும், போன வருடம் நான் ஓட்டும் அந்தப் பேருந்தில் வரும் நான்கு பிள்ளைகளுக்கு உண்ணி கடித்து லைம் நோய் வந்ததும் உங்களுக்குத் தெரியாததா? புல்லை வெட்டி, ஓரத்தில் மரத்தூள் பரப்ப வேண்டும் என்று நான் ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவதாகவும், நீங்கள் அதை வழிமொழிவதாகவும்தானே பேச்சு? மே மாதம் அரைக்கால் சட்டையும் அளவுநாடாவுமாக அந்தப் புல்லில் இறங்கி, "லோயிஸ், இடுப்பு வரைக்கும் இருக்கு, எழுதிக்கோ" என்று கத்தியது யார்?

நேற்று நான் தீர்மானத்தை வாசித்து முடித்தேன். "வழிமொழிய யாராவது இருக்கீங்களா?" என்று தலைவர் ஓர்வில் ஸ்டார்க் கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வாயை ஒரு பக்கமாகக் கோணி, ஒரு கண்ணை இமைக்காமல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து இளித்தீர்கள். எழுவதுபோல் எழுந்து மறுபடியும் உட்கார்ந்தீர்கள். ஹார்லனே உட்கார்ந்துவிட்டான் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. வழிமொழிய ஆள் இல்லாமல் தீர்மானம் அங்கேயே செத்தது. ஊரே தீயணைப்புக் கொட்டகையின் கூரையைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

இருபத்தாறு வருட சிநேகத்துக்கு நல்ல மரியாதை செய்தீர்கள். 'பை' பலகாரம் சுடும் என் பாத்திரம் உங்களிடம் இருக்கிறது. திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
லோயிஸ் பெக்வித்


ஜூன் 26

அன்புள்ள லோயிஸுக்கு,

பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். ஆனால் கொடுக்க மாட்டேன். கொடுத்துவிட்டால் உனக்கு என்னிடம் கேட்க ஒன்றுமே இருக்காது.

நான் இளிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அன்று காலை எழுந்ததிலிருந்தே என் வாய் சொன்னபடி கேட்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டால் இருக்குமே, அப்படி மரத்துக் கிடந்தது. காபி குடித்தால் பாதி சட்டைக்குப் போகிறது. என் நாய் பட்டனைக் கூப்பிட விசில் அடித்தால் வெறும் காற்று வருகிறது. அது தலையைச் சாய்த்து என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது. நாய்க்கே இரக்கம் வரும் நிலைமையில் இருக்கிறேன், நீ பாத்திரம் கேட்கிறாய்.

கூட்டத்தில் எழுந்தேன். "வழிமொழிகிறேன்" என்று சொல்லப் போனால் உதடு மூடவில்லை. குடித்துவிட்டு வந்தவன் என்று ஊர் சிரிக்குமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் மறைப்பானேன். எனக்குப் பயமாக இருக்கிறது. என் அண்ணன் ரூபனுக்குப் பக்கவாதம் இப்படித்தான் தொடங்கியது. டாக்டரிடம் போனால் அதையேதான் சொல்வார் என்று போகவில்லை. படகு இன்ஜின் பழுது பார்க்கும்போது முகத்தில் காற்று அடித்திருக்கும், தானே சரியாகும் என்று இருக்கிறேன்.

இந்த மாதமே எனக்கு நேரம் சரியில்லை. நீ கூப்பிட்ட ஸ்ட்ராபெர்ரி விருந்துக்கும் வராமல் போனேன் அல்லவா? சளி. தும்மல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, ஆனால் காய்ச்சலும் கழுத்துவலியுமாக நாலு நாள் படுத்துக் கிடந்தேன். அதற்கு முன்னால் முழங்காலுக்குப் பின்னால் சிலந்தி வேறு கடித்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் தட்டு அகலத்துக்குச் சிவப்பு வட்டம், நடுவில் வெளுப்பு. அரிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே.

உன் எதிர்வீட்டு,
ஹார்லன்


ஜூன் 27, பகல்

ஹார்லன்,

தபால்தலை ஒட்ட நேரமில்லை, கதவுக்குக் கீழே தள்ளுகிறேன். படித்தவுடன் செருப்பைப் போடு. என் வண்டி உன் வாசலில் நிற்கிறது.

சிலந்தி எங்கேயாவது வட்டம் போடுமா? தும்மல் இல்லாத சளியை ஜூன் மாதத்தில் யாராவது கண்டிருக்கிறார்களா? என் வண்டியில் ஏறும் ஆறு வயசுக் குழந்தைக்குத் தெரியும், கசகசா அளவு உண்ணி கடித்தால் வலிக்காது, அரிக்காது, வட்டம் மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகும் என்று. உனக்கு அறுபத்திரண்டு வயசு. அந்தப் புல்லை அளக்க அரைக்கால் சட்டையில் இறங்கினாயே, அங்கே ஏறியதாகத்தான் இருக்கும். எனக்காகப் போய் வாங்கி வந்திருக்கிறாய்.

நான் டாக்டர் இல்லை. ஒருவேளை நீ பயப்படுவதே உண்மையாகவும் இருக்கலாம். எதுவானாலும் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற காரியம் இல்லை, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

என் கோபம் இன்னும் போகவில்லை. வண்டி ஓட்டுவேன், பேச மாட்டேன். கடிதத்தை மறுபடியும் படிக்காதே, கிளம்பு.

லோயிஸ்


ஜூலை 3

அன்புள்ள லோயிஸுக்கு,

சொன்ன சொல் தவறாதவள் நீ. போக இருபத்திரண்டு மைல், வர இருபத்திரண்டு மைல், ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் கீலி உன்னைப் பார்த்து, "நீங்க இவரோட மனைவியா?" என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தாய். "எதிர்வீடு. பேச்சுவார்த்தை இல்லை." அந்தம்மா அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தாயா?

நீ வெளியே போனபின் புருவத்தை உயர்த்தச் சொன்னார். இடது பக்கம் அசையவில்லை. "பக்கவாதமா இருந்தா பெரும்பாலும் நெத்தி சுருங்கும். உங்களுக்கு நெத்தியும் சேர்ந்து தூங்குது. அந்த வட்டத்தையும் காய்ச்சலையும் வெச்சுப் பாத்தா இது லைம்தான். நரம்பைப் பிடிச்சிருக்கு" என்றார். "அந்த வட்டத்தைப் பாத்த அன்னிக்கே வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது, மிஸ்டர் சாம்ப்ளின்" என்று திட்டும் கிடைத்தது. ரத்தம் எடுத்தார்கள். ஆரம்பத்தில் ரத்தத்தில் தெரியாமலும் போகுமாம். அதனால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கச் சொல்லிவிட்டார். மூன்று வாரம், தினம் இரண்டு வேளை.

ரூபனுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு கண் மட்டும் ஒழுங்காக அழுதது.

மாத்திரை சாப்பிடும்போது வெயில் ஆகாதாம். தேவாலயச் சந்தையில் வாங்கிய, செர்ரிப்பழப் பொம்மை வைத்த பெண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு படகுத்துறையில் வேலை செய்கிறேன். தூங்கும்போது மூடாத இடது கண்ணுக்கு டேப் ஒட்டிக்கொள்கிறேன். பட்டன் என்னைப் பார்த்துக் குரைக்கிறது. யாரோ அந்நியன் என்று நினைத்துவிட்டது போலும்.

உன்
ஹார்லன்


ஜூலை 5

அன்புள்ள ஹார்லனுக்கு,

இப்போது பேசாமலிருப்பது கோபத்தால் இல்லை, வெட்கத்தால். பிள்ளைகளிடம் தினமும் "காதுக்குப் பின்னால பாரு, முழங்காலுக்குப் பின்னால பாரு, அக்குளைப் பாரு" என்று பாடம் நடத்துகிறவள் நான். கண்ணெதிரே ஒரு மனுஷனின் பாதி முகம் விழுந்து கிடக்கிறது, நான் அதை இளிப்பு என்று எடுத்துக்கொண்டேன். என் தீர்மானத்தைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. மன்னித்துவிடு.

வாசலில் மட்டி சூப் வைத்திருக்கிறேன். உறிஞ்சுகுழல் போட்டுக் குடி. பால் சேர்த்தது, அதனால் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதே, இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி. செர்ரித் தொப்பி உனக்கு அழகாகத்தான் இருக்கிறது. தபால்காரரும் அதையே சொன்னார்.

லோயிஸ்

பி.கு. சூப் பாத்திரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளாதே.


செப்டம்பர் 14

அன்புள்ள லோயிஸுக்கு,

காலையில் சத்தம் கேட்டிருக்கும். அது நான்தான். விசில் வந்துவிட்டது. பட்டன் ஓடிவந்த வேகத்தில் என்னைக் கீழே தள்ளிவிட்டது. சிரித்தேன், இரண்டு பக்கமும்.

முழுசாகத் தேறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. மத்தியானம் மூன்று மணிக்கு இன்ஜின் மேலேயே தூக்கம் வருகிறது. படி இறங்கினால் முழங்கால் முனகுகிறது. டாக்டர் கீலி, "நோய் போயிடுச்சு, அசதி மட்டும் மெதுவாத்தான் போகும். பொறுமையா இருங்க" என்கிறார். சரி, மூன்று மணிக்குத் தூங்குகிறேன், நான்கு மணிக்கு வேலை செய்கிறேன். படகுகள் எங்கேயும் ஓடிப் போய்விடாது.

அக்டோபர் கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவா. என் படகுக் கொட்டகையில் பட்டனை உட்காரவைத்து அந்த ஒரு வார்த்தையைத்தான் தினமும் சொல்லிப் பழகுகிறேன்.

ஹார்லன்


அக்டோபர் 15

அன்புள்ள ஹார்லனுக்கு,

நேற்று நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் எழுதிப் பழகிவிட்டது. நான் தீர்மானத்தைப் பாதிதான் வாசித்திருந்தேன். அதற்குள் நீ எழுந்து நின்று கூரை அதிரக் கத்திவிட்டாய். "முதல்ல முடிக்க விடுப்பா" என்று ஓர்வில் சொன்னதும் மொத்த ஊரும் சிரித்தது. எதிர்த்து ஒரே ஓட்டு, எல்லாவற்றையும் எதிர்க்கிறவருடைய ஓட்டு. திங்கட்கிழமை புல் வெட்ட வருகிறார்கள்.

இன்னொரு சமாச்சாரம். கீழே டேப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பார். இன்று காலை என் தோள்பட்டைக்குப் பின்னால் இருந்தது. பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். இரண்டு கண்ணாடி, ஒரு இடுக்கி, இருபது நிமிஷம். கை எட்டவில்லை. கடைசியில் தபாலாபீஸ் பெண்மணியிடம் சட்டையை இறக்கிக் காட்டி எடுத்தேன். பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். ஒரு மாதத்துக்கு வட்டம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதை நான் எப்படிப் பார்ப்பது?

என் கணவர் நெட் போய் ஒன்பது வருடம். ஒன்பது வருடமாக என் முதுகை யாரும் பார்க்கவில்லை. உன் முழங்காலுக்குப் பின்னாலும் பார்க்க ஆள் இல்லாததால்தானே அது சிலந்தியாகிப் போனது? எனக்குத் தனியாக இருந்தது போதும், ஹார்லன். உன் விசில் கேட்காத நாட்களில் நான் சமையலறை ஜன்னலை விட்டு நகரவே இல்லை. இதை நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆகவே முறைப்படி முன்மொழிகிறேன். தீர்மானம்: சாலையின் இருபுறமும் இரண்டு வீடுகளில் இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிட்டு, தங்கள் முதுகைத் தாங்களே பார்க்க முயன்று கழுத்தைச் சுளுக்கிக்கொள்வது இன்றோடு நிறுத்தப்பட வேண்டும். இனி ஒரே வீடு, ஒரே மேசை, தினமும் சாயங்காலம் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்வது.

இதற்கு ஊர் கூட வேண்டாம். வழிமொழிய ஓர் ஆள் போதும்.

லோயிஸ்


அக்டோபர் 16

லோயிஸ்,

வழிமொழிகிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. பட்டனின் கழுத்துப்பட்டையில் கட்டி அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்போது நான் சாலையைக் கடந்துகொண்டிருப்பேன், கதவைத் திற. முழங்கால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். கையில் என் பல் துலக்கும் பிரஷ்ஷும், உன் 'பை' சுடும் பாத்திரமும், சூப் பாத்திரமும் இருக்கின்றன.

உன்
ஹார்லன்