பதினெட்டுக் குழியும் பாதிக் கிணறும்

காரிமங்கலம்
13.5.2025

அன்பு மகன் மாதவராஜுக்கு அம்மா எழுதறது. இங்க நானும், பக்கத்து வூட்டுல உன் சின்னம்மா சுகுணாவும், ரெண்டு மாடும், போன வாரம் பொறந்த கன்னுக்குட்டியும் அம்மன் புண்ணியத்துல சுகம். அயர்லாந்துல நீ, நிர்மலா, பாப்பா காவியா மூணு பேரும் மழையில நனைஞ்சு சளி புடிக்காம நல்லா இருக்கணும்னு வேண்டிக்கறேன். போன்ல சொன்னா நீ என்னை முழுசாப் பேச வுடமாட்ட, மீட்டிங் இருக்குதும்மான்னு வெச்சிருவ, அதனாலதான் நோட்டுல நாலு பக்கம் கிழிச்சு எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. நீ கையெழுத்து கேட்டு அனுப்புன கிரயப் பத்திரமும் இதே கவர்லதான் திரும்பி வருது.

மொதல்ல நீ போன்ல அனுப்புன அந்த வீடியோவைப் பத்திச் சொல்லிடறேன். ஸ்பெயின் நாட்டுல கடலோரமா கோல்ஃப் மைதானத்துக்குள்ள ஒரு வூடு வாங்கப் போறேம்மா, அங்க வருசத்துல முந்நூறு நாள் வெயிலும்மான்னு நீ சொன்னப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஏன்டா கண்ணு, இந்த வெயிலுக்குப் பயந்துதானே ஊரை வுட்டு ஓடுன? பிளஸ் டூ படிக்கறப்ப ஃபேன் நின்னுட்டா தர்மபுரி ஜில்லாவையே திட்டுவியே. இப்ப இங்க கத்திரி வெயில் கொளுத்துது, மாங்கா பறிக்க வந்த ஆளுங்க பத்து மணிக்கே மரத்தை வுட்டு எறங்கிடறாங்க. வெயில்தானே வேணும், வேணுங்கற மட்டும் வந்து அள்ளிக்கிட்டுப் போ, பத்திரமும் வேண்டாம், பட்டாவும் வேண்டாம். அந்த வீடியோல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் ஜட்டியோட நாற்காலியில மல்லாந்து கெடக்கறாங்க. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு சுகுணா கேக்கறா. அப்பறம் அந்த ஆட்டம். பதினெட்டுக் குழி தோண்டி வெச்சுக்கிட்டு, பேரன் பேத்தி எடுத்தவங்க குச்சியால பந்தைத் தட்டித் தட்டிப் போடறாங்க, அதைத் தூக்கிட்டுப் போக ஒரு குட்டிக் காரு வேற. நம்ம ஊர்ல கோலிகுண்டு ஆடற பசங்க டவுசர்ப் பையில போட்டுட்டுப் போறானுங்க, அவனுங்களுக்கு இருக்கற வெவரம் கூட இல்லை. நாம தண்ணிக்காக ஆயிரம் அடி தோண்டியும் புழுதிதான் பறக்குது, அவங்களுக்குத் தோண்டுன குழியில பந்து வுழுந்தாலே போதுமாம், கை தட்டறாங்க. நீ எப்ப ஆடியிருக்க இதையெல்லாம்? பள்ளிக்கூடத்துல கில்லி அடிக்கத் தெரியாம மூக்கை ஒடைச்சுக்கிட்டு வந்தவன் நீ. கூட வேலை செய்யறவன் வாங்கிட்டான், அதனால நீயும் வாங்கணும், அவ்வளவுதானே?

அந்த வூட்டு பிளானையும் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தேன். உங்களுக்கு ஒரு ரூம், பாப்பாவுக்கு ஒரு ரூம், வர்ற போறவங்களுக்கு ஒரு ரூம், கோல்ஃப் குச்சி வெக்கத் தனியா ஒரு ரூம். குச்சிக்கு ரூமு! நீயும் வந்து இருக்கலாம்மான்னு சொன்னியே, நான் குச்சியோட படுத்துக்கணுமா? கண்ணுக்கு எட்டுன தூரம் பச்சைப் புல்லு, அதுல ஒரு ஆடு மேயக்கூடாது, ஒரு மாடு வாய் வெக்கக்கூடாது. இந்தப் புல்லுக்குத் தண்ணி எங்கருந்து வருதுன்னு உன்னைக் கேட்டேன், அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்மான்ன. ஆனா நிர்மலா சொன்னா, அந்தப் பக்கத்து ஊர் ஜனங்களுக்கு கோடையில ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தான் தண்ணியாம். அவளுக்காவது உறுத்தியிருக்கு. உங்கப்பா தர்மன் மொரப்பூர் பக்கம் ஒரு நெலம் சல்லிசா வந்தப்ப, கார்த்திகையில கிணறு ததும்புதுன்னு எல்லாரும் சொல்லியும், சித்திரை வரட்டும்னு காத்திருந்து, நடு மத்தியானம் போய் கிணத்தை எட்டிப் பார்த்துட்டு, அடியில தவளை கூட இல்லைன்னு திரும்பி வந்தவரு. நெலம் வாங்கறவன் கோடையில கிணத்தை எட்டிப் பாக்கணும்ங்கறது நம்ம பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். நீ செல்போனை எட்டிப் பார்த்துட்டு வாங்கறேங்கற. படிச்சவன்!

இதெல்லாம் கூட உன் காசு, உன் பைத்தியம்னு வுட்டுருப்பேன். ஆனா அதுக்காக உங்கப்பா என் பேர்ல வாங்கி வெச்ச ரெண்டு ஏக்கர் மாந்தோப்பை விக்கணும்னு பத்திரம் எழுத வெச்சு அனுப்பியிருக்க பாரு, அங்கதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. போன வியாழக்கிழமை பஸ்ஸேறிப் போய் அதை எழுதுன பத்திரக்காரர் முருகேஷ் கிட்ட, முழுசாப் படிங்கன்னேன். நீங்க இங்க இங்க கையெழுத்துப் போட்டா போதுங்க, பையன் எல்லாம் பார்த்துட்டாருங்கன்னாரு. பையன் பாக்கட்டுங்க, நான் கேக்கணுங்கன்னு உக்காந்துட்டேன். நாலு பக்கத்து எல்லையும் படிச்சாரு, சரியா இருந்துச்சு. அதுக்குக் கீழ, மேற்படி நெலத்துல இருக்கற கிணறு, மோட்டாரு, கரண்டு சர்வீஸ் அத்தனையும் முழுப் பாத்தியம்னு ஒரு வரி. முழுப் பாத்தியமாம். கையில வாங்கி நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன், திரும்பவும் அதேதான். நம்ம சர்வே நம்பர்ல இருந்தாலும் அந்தக் கிணறு உங்கப்பாவும் உன் சித்தப்பனும் சேர்ந்து வெட்டுனது, மண்ணு அள்ளுனதுல நானும் சுகுணாவும் உண்டு, அவ அப்ப முழுகாம இருந்தா. நமக்கு மூணு நாள், அவங்களுக்கு மூணு நாள், வெள்ளிக்கிழமை மோட்டாருக்கு ஓய்வு, இதுதான் இருபத்தஞ்சு வருச முறை. எழுத்துல இல்லை, வாய் வார்த்தைதான், அண்ணன் தம்பிக்குள்ள அதுக்கு மேல எதுக்குன்னு வுட்டுட்டாங்க. பாதிக் கிணறுன்னா வாங்கற பார்ட்டி வரமாட்டாரு, அதனால முழுசா எழுதச் சொல்லி மாதவராஜ் வாட்ஸ்அப்ல அனுப்புனாருங்கன்னு முருகேஷ் சொன்னப்ப, அந்த மனுசன் மூஞ்சியைப் பாக்க எனக்குக் கூச்சமாப் போச்சு. வாங்கறவன் மாங்கா விக்கவா வாங்கறான்? அவனுக்கு நாலு தண்ணி லாரி ஓடுது, ராவும் பகலும் உறிஞ்சி விப்பான். புருசனைப் பறிகொடுத்துட்டு ஒரு ஏக்கர் மல்பெரித் தழையை நம்பிப் பட்டுப்புழு வளக்கறாளே உன் சின்னம்மா, அவ என்ன பண்ணுவா? எங்கயோ எவனோ தட்டற பந்துக்குப் புல்லு பச்சையா இருக்கணும், இங்க அவ தழை காயணும், அப்படித்தானே கணக்குப் போட்ட? தெரியாமப் பண்ணியிருந்தா முட்டாப்பையன்னு மன்னிச்சிருவேன். தெரிஞ்சே பண்ணியிருக்க. த்தூன்னு இருக்கு எனக்கு. உங்கப்பா இருந்திருந்தா பேச்சையே நிறுத்தியிருப்பாரு, நான் பெத்தவ, அதனால திட்டி எழுதறேன்.

இதை சுகுணாகிட்ட நான் சொல்லலை, நீயும் சொல்லி உன் மானத்தை வாங்கிக்காத. நேத்து முருகேஷை வெச்சு, கிணத்துல பாதி பாத்தியம் சுகுணாவுக்குன்னு வேற பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுட்டேன். எதுக்குக்கா இப்பன்னு கேட்டா, வயசாகுதில்லன்னு மழுப்பிட்டேன். அதுல என் கையெழுத்து கோணாம வுழுந்துச்சு. நீ நாலாங்கிளாஸ் படிக்கறப்ப நான் அறிவொளி வகுப்புக்குப் போனேன், ஞாபகம் இருக்குதா, வாத்தியாரு சொல்லிக் குடுத்தது வெளங்கலைன்னா வூட்டுல நீதான் என் கையைப் புடிச்சு முனியம்மாள்னு எழுத வெப்ப. கடைசிச் சுழி சுழிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அன்னிக்கு நீ பெரிய மனுசனாட்டம் சொன்ன, இனிமே எதுலயும் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடக்கூடாதும்மான்னு. படிச்சுப் பார்த்தேன் கண்ணு. அதனாலதான் போடலை.

கோவம் கோவமாவே இருக்கட்டும், ஆசீர்வாதம் அதுக்கு மேல இருக்கு. நீயும் நிர்மலாவும் நோய் நொடி இல்லாம நூறு வருசம் இருங்க, பாப்பாவுக்கு என் முத்தம். அடுத்த வருசம் சித்திரையில கண்டிப்பா வாங்க, வந்ததும் உன் சின்னம்மா வூட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு, நேரா போய் கிணத்தை எட்டிப் பாரு. மறந்துடாத.

இப்படிக்கு
நீ எழுதக் கத்துக் குடுத்த அம்மா
த. முனியம்மாள்