ஜெபவீட்டில் நான் எழுந்து நின்றேன்

என் உயிர் ஞானம்மா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி முப்பத்தொரு நாள். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதே லயத்து வீட்டு வரிசையில் நாலு காம்பரா தள்ளிக் குடியிருந்தவளுக்குக் கடிதம் எதற்கு? இதை ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் எல்லார் முன்பும் வாசிக்கும்படி உபதேசியாரிடம் கேட்டிருக்கிறேன். என்னைத் தோட்டத்துத் தொழிலாளர் சங்கத் தலைவனாக்கியவர்களும் கேட்கட்டும்.

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும், அக்கா. என் உடம்பே என் பேச்சைக் கேட்கவில்லை.

அதற்கு முன் பழைய கதை ஒன்று. உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை நான் எவ்வளவு தப்பாகப் புரிந்திருந்தேன் என்பது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு. தேயிலைக் கொழுந்து மண்டிக் கிடக்கிறது என்று ஆள் கூப்பிடத் தோட்டத்தை நடத்தும் துரையே ஜெபவீட்டுக்கு வந்தார். ஜெபத்தின் நடுவில் முழங்காலில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். ஆண்கள் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். துரையைக் கண்டால் நம் தோட்டத்தில் அது தானாக நடக்கும். நீ மட்டும் எழவில்லை. ஜெபத்தை முடித்து, ஆமென் சொல்லி, அப்புறம் எழுந்து, "சலாங்க தொரை" என்று கும்பிட்டுவிட்டுக் கூடை எடுக்கப் போனாய்.

அதற்குத் தண்டனையாக அடுத்த ஒரு மாதம் உன்னை நமுனுகுலப் பக்கத்துச் செங்குத்து மலைக்கே கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். எனக்கு இரத்தம் கொதித்தது. பசறைக்குப் போய்ச் சங்க ஆபீஸில் மனு கொடுப்போம் என்று குதித்தேன்.

"குடுக்கிறதுன்னா குடு தம்பி. ஆனா நான் தொரைய எதுத்தேன்னு மட்டும் எழுதாத."

"எதுக்காமத்தான் எந்திரிக்காம இருந்தியா?"

"அவரு வந்தது அப்ப எனக்குப் பெருசாப் படல. நான் பேசிக்கிட்டு இருந்தது வேற ஆளுகிட்ட."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? மாரியாயியாகப் பிறந்து ஞானஸ்நானத்தில் ஞானம்மா ஆனவளிடம் வாயைக் கொடுத்தேன். "நாட்டுக்குச் சொதந்திரம் வந்துச்சு, தோட்டத்து ஆளுங்க நம்ம ஓட்டுரிமைய மட்டும் பறிச்சுட்டாங்க. ஒங்க கர்த்தரு என்னத்தக்கா விடுதலை குடுத்தாரு? லயத்துக் கூரைத் தகரத்தக்கூட மாத்தித் தரலியே!"

நீ கோபப்படவில்லை. "எனக்குப் பயம் போயிருச்சுடா. தொரை மேல இருந்த கோவமும் போயிருச்சு. ஒனக்குக் கோவம் நெறைய இருக்கு. பயம் போயிருச்சா?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்வியே எனக்கு அவமானமாக இருந்தது. மேடையில் துரையைப் பேர் சொல்லித் திட்டுகிறவனுக்கா பயம்? விருட்டென்று எழுந்து போய்விட்டேன்.

நேற்று சாயந்திரம் உன் முப்பதாம் நாள் ஜெபம். நான் முருகனைக் கும்பிடுகிறவன். உனக்காக வந்து கடைசி வரிசையில் முழங்காலிட்டேன். நல்ல மழை. உபதேசியார் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. துரை. ஆள் கூப்பிட வரவில்லை, அதட்ட வரவில்லை. மோட்டார் சைக்கிளில் போனவர் மழைக்கு ஒதுங்கினார், அவ்வளவுதான்.

நான் எழுந்துவிட்டேன், அக்கா. யோசிக்கவேயில்லை. துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது, முதுகு வளைந்துவிட்டது. அப்புறம்தான் சுற்றிப் பார்த்தேன். ஜெபவீட்டில் நின்றுகொண்டிருந்தது துரையும் நானும் மட்டும்.

மற்ற அத்தனை பேரும் முழங்காலில் இருந்தார்கள். கங்காணி இருமினாலே பாதையைவிட்டு இறங்கிவிடும் உன் சிநேகிதி செல்லம்மா கூட! அவள் திரும்பியும் பார்க்கவில்லை. இவர்களெல்லாம் எப்போது இப்படி ஆனார்கள்? சத்தமில்லாமல் இது நடந்துகொண்டிருந்தபோது நான் எந்த மேடையில் கத்திக்கொண்டிருந்தேன்?

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. என்னைப் பார்த்துத் துரைக்கே கூச்சமாகிவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு, கீழே இரு என்று கையைக் காட்டினார். நான் உடனே முழங்காலிட்டேன். எழுந்தது அவருக்காக. உன் கடவுள் முன் திரும்ப முழங்காலிட்டதும் அவர் சொல்லித்தான். வெட்கத்தில் உன் பேரைக்கூட மனதில் சொல்ல முடியவில்லை.

ஜெபம் முடிந்ததும் செல்லம்மா நிதானமாக எழுந்தாள். "சலாங்க தொரை. மழ இன்னும் விடல, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குரலில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற பேச்சு. விடுதலையைப் பற்றி நான் கேட்டபோது நீ சொன்னது இதைத்தானா, அக்கா? இது இல்லாமலா நான் இத்தனை பேருக்குத் தலைவனாக இருந்தேன்?

சங்கத்தை விடமாட்டேன். தகரத்துக்கு மனு கொடுத்தே தீருவேன். ஞானஸ்நானம் எடுப்பேன் என்று உனக்குப் பொய் வாக்கும் தரமாட்டேன். வரும் ஞாயிறு செல்லம்மாவுக்குப் பின்னால் நானும் முழங்காலில் இருப்பேன். துண்டைக் காம்பராவிலேயே வைத்துவிட்டு வருவேன். கதவு திறந்தால் எழுந்துவிடுவேனோ என்னவோ, தெரியாது. ஆனால் எழுந்துவிட்டாலும், யாரும் கை காட்டாமல் நானே திரும்ப முழங்காலிடுவேன்.

இன்னும் பயம் போகாத உன் தம்பி,
வேலாயுதம்