ரப்பர் சுற்றிய குழாய்

அம்பத்தூர்,
புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? கோத்தகிரியில் மழை விட்டதா? போனில் பேசினால் என் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

கம்பெனியில் ஒரு வேடிக்கை. வெந்நீர் போகும் விரல் பருமன் குழாய்க்கு எவ்வளவு தடிமனாக ரப்பர் சுற்றினால் எவ்வளவு சூடு வீணாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டேன். கொஞ்சமாகச் சுற்றினால் வெறுங்குழாயைவிட அதிகச் சூடு போகிறது என்று வந்தது. மூன்று முறை போட்டும் அதே விடை. நான்தான் எங்கோ தப்புச் செய்கிறேன் என்று நினைத்தேன். டெக்னீஷியன் எத்திராஜ் அண்ணன் இரண்டு குழாயில் நிஜமாகவே வெந்நீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம் இது, போத்திக்கினு கீறதுதான் சீக்கிரமா ஆறுது!" என்றார்.

கொஞ்சமாகச் சுற்றும்போது ரப்பர் தடுக்கிற சூட்டைவிட, வெளிப்பக்கம் பெரிதாவதால் வெளியேறுகிற சூடு கூடிவிடுகிறதாம். நிறையச் சுற்றினால்தான் குறையுமாம். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. படித்தேன், ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நான் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லும்போதெல்லாம் உங்களுக்குக் கவலை கூடுவதும் இப்படித்தானோ என்னவோ, தெரியவில்லை.

கம்பெனி வேன் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள். கொளுத்துகிற வெயிலில் எதற்கென்று கேட்காதீர்கள். மெல்லியது வேண்டாம், அந்தக் கெட்டியானது.

உங்கள்
ஜெபா